எழுதலும் அறிதலும்: ஓவியவழித் தன்னுள்ளம் காணல்

1. முன்னுரை

நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்ட அளவில் நம் நினைவிற்கு வருவன தோல் பதனிடும் தொழிலும் பாலாற்றுப் படுகையுமே ஆகும். அவ்வட்டாரத்தில், மலையாம்பட்டு என்னும் சிற்றூரை அடுத்த ஆர்மாமலைக் குகையில், கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்பெறும் சமண ஓவியங்கள் சிதைந்த நிலையில் எஞ்சியுள்ளன என்பதனை அறிந்தோர் சிலரே. கலை வரலாறு எழுதுவோர் அவற்றைச் சித்தன்னவாசல் ஓவியங்களோடு ஒப்பிட்டுக் காலமும் பாணியும் வரையறுப்பர். இலக்கியம் பயில்வோரும் பெரும்பாலும் அந்நெறியையே பின்பற்றுகின்றனர். பழம்பாட்டு ஒன்றில் ஓவியம் பற்றிய குறிப்பு வருமாயின், அக்காலத்தில் ஓவியக்கலை சிறந்திருந்தமைக்கு இது சான்றாகும் என்று எழுதி அமைகின்றனர்.

சான்றாதல் உண்மையே. ஆயினும் புலவர் சான்று கூறுதற்பொருட்டுப் பாடினாரல்லர். ஒருத்தி ஓவியத்தை நோக்குகின்றாள்; ஒருவன் ஓவியம் எழுதுகின்றான்; மற்றொருத்தி மணலில் ஒரு வட்டம் வரைகின்றாள். அச்செயல் அவர்தம் உள்ளத்தில் யாது செய்தது என்பதே புலவர்தம் கருத்து. அதனை விடுத்துக் கலைச்சான்றை மட்டும் எடுத்துக்கொள்வது, பழத்தை விடுத்து அது வைக்கப்பெற்ற தட்டினை அளப்பது போல்வதாம்.

ஓவியம் எழுதுதல் தன் உணர்வினைத் தானே ஆராய்ந்தறிதற்கு ஒரு வழி என்னும் கொள்கையை இருபதாம் நூற்றாண்டின் உளநூலார் விரித்துரைத்தனர். அஃது அவர்கள் புதிதாகக் கண்டதென நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அக்கொள்கையின் வித்து தமிழ் அகமரபில் உண்டு என்பதும், அது நாம் முதலில் தேடும் இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் உள்ளது என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பெறும்.

2. 'எழுது' என்னும் வினை

முதற்கண் சொல்லை நோக்குவோம். எழுத்தைப் பொறித்தலும், ஓவியம் தீட்டுதலும், கண்ணுக்கு மை தீட்டுதலும், மகளிர் மேனியில் தொய்யில் வரைதலும் ஆகிய நான்கும் தமிழில் எழுதுதல் என்னும் ஒரே வினையாற் குறிக்கப்பெறுகின்றன. வடிவத்தைப் புறத்தே நிறுத்துதல் இந்நான்கிற்கும் பொதுவாகும். ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என வழங்கினர் முன்னோர். தம் தொழிலைக் காண்பார் கண்ணிடத்தே நிறுத்துவோர் என நச்சினார்க்கினியர் அப்பெயர்க்கு விளக்கம் கூறுவர். இவ்விளக்கத்தின்படி, ஓவியம் சுவரோடு முடிவதன்று. காண்பவரிடத்தே சென்று நிறைவுறுவது. காண்பவரும் எழுதியவரும் ஒருவரேயாயின், எழுதியவரின் தொழில் அவர் கண்ணிடத்தேயே திரும்பி வந்து நிற்கும். தன்னையறிதலுக்குரிய வாயில் அங்கே திறக்கின்றது.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலும் ஈண்டுக் கருதத்தக்கது. சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, அது மனத்துப் பட்டவழி உள்ளத்து நிகழும் குறிப்பு, அதன்வழி உடம்பில் தோன்றும் விறல் என உணர்வின் வளர்ச்சியை உரையாசிரியர்கள் நான்காகப் பகுத்துக் காட்டினர். மெய்ம்மயிர் சிலிர்த்தலும் கண்ணீர் அரும்புதலும் நாம் எண்ணிச் செய்வன அல்ல. உள்ளத்தின் நிலையை உடம்பு தானே வெளியிடுகின்றது. கையும் உடம்பின் ஓர் உறுப்பே. அக்கை மணலிலோ சுவரிலோ கோடு இழைக்கும்போது, உடம்பில் தோன்றும் மெய்ப்பாடு உடம்பினைக் கடந்து ஒரு பரப்பின்மேற் படிகின்றது. கண்ணீர் உலர்ந்து மறையும். கோடு சிறிது நேரமேனும் நின்று, இட்டவள் அதனைத் திரும்ப நோக்குதற்கு இடந்தரும். இஃது ஓவியத்திற்கும் ஏனை மெய்ப்பாடுகளுக்கும் உள்ள பெரு வேறுபாடாம்.

3. கண்ட ஓவியம்

ஓவியத்தைக் காண்டலால் உள்ளம் விளங்கும் நிலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு நக்கீரர் பாடிய நெடுநல்வாடையாகும். வாடைக்காலத்து நள்ளிரவில் பாண்டிமாதேவி யானைமருப்பால் அமைந்த வட்டக் கட்டிலில் தனித்திருக்கின்றாள். அரசன் போர்ப்பாசறையில் உள்ளான். அணிகளைக் களைந்த அவளுக்குப் புனையா ஓவியம் உவமையாகின்றது. வண்ணம் தீட்டப்பெறாமல் கோட்டளவில் நின்ற ஓவியம் அது. செவிலியர் பலவாறு தேற்றியும் அவள் தேறினாளில்லை.

கட்டிலின் மேல் மெழுகு பூசிய துணியாலாகிய விதானம் உள்ளது. அதில் மேடம் முதலாகிய இராசிகளும், திங்களைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பெற்றுள்ளன. அவள் உரோகிணியை நோக்குகின்றாள், நெடுமூச்செறிகின்றாள், கடைக்கண்ணில் திரண்ட நீரை விரலால் தெறிக்கின்றாள். செவிலியர் பேசிய பல சொற்கள் செய்யாததனை எழுதிய உருவம் ஒன்று செய்துவிட்டது. அவள் தன் துயரைச் சொல்லால் உரைத்தாளில்லை. பாட்டு முழுவதிலும் அவள் பேச்சு ஒன்றும் இல்லை. தன்னிடம் இல்லாத சேர்க்கையை அவள் விதானத்தில் கண்டாள். கண்டவழித் தன் தனிமையின் அளவை அறிந்தாள்.

இதனோடு பரிபாடல் 19ஆம் பாட்டில் வரும் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தை ஒப்பிடுக. அங்கும் மக்கள் ஓவியங்களை நோக்குகின்றனர். காமனும் இரதியும், அகலிகையும் இந்திரனும் எழுதப்பெற்றுள்ளனர். இவர் யாவர் என வினவுவாரும், இன்னார் என விடை கூறுவாருமாக அவ்விடம் விளங்குகின்றது. எழுதப்பட்டவை காமம் பற்றிய கதைகளே. எனினும் பார்ப்போர் உள்ளம் கலங்கவில்லை. அவர்கள் ஓவியத்தின் பொருளைக் கேட்டறிகின்றனர்; தேவியோ ஓவியத்தின்வழித் தன்னை அறிகின்றாள். கலைவரலாற்றார்க்கு இரண்டும் ஒரு நிகரான சான்றுகள். இலக்கிய ஆராய்ச்சியாளர்க்கு அவை இரு வேறு நிலங்கள்.

ஆயினும் நெடுநல்வாடை நம் வினாவிற்கு முழு விடையாகாது. விதானத்தை எழுதியவன் ஒரு கம்மியன், நோக்கியவள் தேவி. தன் கையாலேயே எழுதித் தன்னை அறிந்தார் உளரோ என்பதே நாம் மேலும் காணவேண்டுவது.

4. பிறர்க்குக் காட்டிய ஓவியம்

எழுதும் காதலரைத் தேடுவார் முதலில் மடலேறுதலை நினைப்பர். பனைமடலாற் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூச் சூடி, தலைவியின் உருவெழுதிய கிழியைக் கையிலேந்தித் தலைவன் ஊர்த்தெருவிற் செல்வான் என அகநூல் மரபு கூறும். இங்கே ஓவியம் உண்டு; உணர்வும் மிகுதியாக உண்டு. ஆனால் அக்கிழி யாருக்காக எழுதப்பெற்றது? ஊரார்க்காக. அவள் இன்னாள் என அவர் அறிதற்காகவும், அதனால் நாணி மணத்திற்கு இசைதற்காகவும் எழுதப்பெற்றது. தன் உணர்வைப் பிறர்க்கு வெளிப்படுத்தும் ஓவியமேயன்றித் தன் உணர்வைத் தான் ஆராயும் ஓவியம் அஃதன்று.

கோவை நூல்களின் மடற்றுறைகளுள் தோழி தலைவனைத் தடுக்கும் இடம் ஒன்றுண்டு. தலைவியின் உறுப்பழகை எழுதல் எளிதன்று எனக் கூறி அவள் விலக்குவாள். மடலை விலக்குதற்கு அவள் எத்துணையோ காரணம் கூறலாம். எழுதலின் அருமையை எடுத்துக்கொண்டமை நோக்கத்தக்கது. நீ அவளை முழுதும் கண்டிருக்கின்றாயா, கண்டதனை எழுதவல்லையா என்பது தலைவனின் காதலை அளந்தறியும் வினாவே. எழுதப் புகுவான் தான் அறியாதனவற்றை எதிர்ப்பட வேண்டும் என்னும் உண்மை அத்துறையுள் மறைந்து கிடக்கின்றது. கோவையாசிரியர்கள் அதனைத் தோழியின் சூழ்ச்சியாக நிறுத்தி, மேலே சென்றுவிட்டனர்.

சீவகசிந்தாமணி ஓரடி முன்னே செல்கின்றது. குணமாலையார் இலம்பகத்தில், மதங்கொண்ட யானையினின்று குணமாலையைக் காத்த சீவகன் மனைக்குத் திரும்பி, அவள் உருவை எழுதி நோக்கியிருக்கின்றான். அவன் எழுதியது தெருவிற்கன்று, தனக்கே. அச்சத்தால் நடுங்கி நின்ற அவளைத் தான் எவ்வாறு கண்டான் என்பதனை மீண்டும் தன் கண்முன் நிறுத்திக்கொள்கின்றான். அவ்வமயம் காந்தருவதத்தை வருகின்றாள், ஓவியத்தைக் காண்கின்றாள், ஊடுகின்றாள். அவன் வாய் திறந்து கூறாததனை எழுதிய உருவம் கூறிவிட்டது. தன் காதலைத் தனக்குள் வைத்துப் பார்க்க விரும்பியவனுக்கு அவ்வோவியமே காட்டிக்கொடுப்பதாயிற்று. எழுதிய உணர்வு பின்னர் எழுதினவனுக்கு மட்டும் உரியதாக நில்லாது என்பதனைத் திருத்தக்கதேவர் நன்கு அறிந்திருந்தார்.

எனினும் சீவகன் அவ்வோவியத்தால் தன்னைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறிந்தான் எனக் கூறுதற்கில்லை. காதல் கொண்டமையை அவன் முன்னரே அறிவான். எழுதுதல் அவனுக்கு நினைவின் ஆறுதலாய் நின்றது. ஆகவே ஆடவர் எழுதிய ஓவியங்களில் நாம் தேடுவது முழுமையாகக் கிட்டவில்லை.

5. தனக்கே கண்ட எழுத்து

மகளிர்க்கு மடலேறுதலைத் தொல்காப்பியர் விலக்கினார். தெருவிற் கிழியேந்தும் உரிமை அவர்க்கில்லை. அதனால் அவர்தம் எழுத்து சுவருக்கும் மணலுக்கும் சென்றது. காண்பார் இல்லாத இடத்தில் எழுதியமையால் அது தன்னைக் காணும் எழுத்தாயிற்று. நாம் முதலில் தேடாத இடம் எனக் குறித்தது இதுவேயாகும்.

முதலில் சுவர். தலைவன் பிரிந்து சென்ற நாள்களைச் சுவரிற் கோடிட்டு எண்ணும் வழக்கினை அகப்பாட்டுகள் கூறும். திருக்குறள் 1261ஆம் பாவில், அவன் சென்ற நாள்களை ஒற்றி ஒற்றி விரல்கள் தேய்ந்தன என்கின்றாள் தலைவி. சுவரில் இழைத்த கோடுகளைத் தொட்டு எண்ணியமையாலே தேய்ந்தன எனப் பரிமேலழகர் உரை காண்பர். ஒரு கோட்டிற்கும் மற்றொரு கோட்டிற்கும் வேறுபாடு இல்லை, அழகும் இல்லை. ஆனால் அவற்றின் தொகை அவளது காத்திருத்தலின் உருவமாகின்றது. நினைவில் மட்டும் எண்ணியிருப்பின், துயரின் அளவு ஒரு நாள் பெருகியும் ஒரு நாள் சுருங்கியும் தோன்றும். சுவரில் நிற்கும் கோடுகள் அவளை ஏமாற இடங்கொடா. இஃது உணர்வினை அளந்தறியும் எழுத்து எனலாம்.

அடுத்தது மணல். கூடலிழைத்தல் என்பது கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் வட்டம் வரைதல். கோட்டின் இருமுனையும் கூடின் தலைவன் வருவான். கூடாதாயின் வாரான் என்பது நம்பிக்கை. இதனைக் குறிபார்த்தல் என ஒதுக்குவர் சிலர். முத்தொள்ளாயிரத்துப் பாண்டியன் பகுதியில் வரும் பாட்டொன்று அவ்வாறு ஒதுக்குதற்கு இடந்தராது. அங்கே ஒருத்தி பாண்டியனைக் கூடுதும் எனக் கருதிக் கூடலிழைக்கத் தொடங்குகின்றாள். ஆனால் இழைப்பாள் போலக் காட்டி, இழையாமலே இருந்துவிடுகின்றாள். முனைகள் தவறிப்போயின் என் செய்வது என்னும் அச்சமே காரணம்.

இப்பாட்டினை நாம் நின்று நோக்குதல் வேண்டும். குறிபார்த்தலே நோக்கமாயின், வட்டம் முடிந்த பின்னரே அவளுக்கு விடை கிடைத்தல் வேண்டும். இவளோ வட்டம் தொடங்கும் முன்னரே விடை பெற்றுவிட்டாள். அவ்விடை பாண்டியன் வருவானா என்பது பற்றியதன்று. தன் நெஞ்சம் இல்லை என்னும் சொல்லைத் தாங்குமா என்பது பற்றியது. விரலை மணலில் வைத்த கணத்தில், தான் எத்துணை அஞ்சுகின்றாள் என்பதனை அவள் அறிந்தாள். கையை எடுத்தமை அவ்வறிவின் பயன். எழுதப்படாத வட்டமே அவள் உள்ளத்தின் உண்மையான ஓவியம். ஓவியத்தின்வழித் தன்னுணர்வை ஆராய்தல் என்பதற்கு இதனினும் நுண்ணிய எடுத்துக்காட்டைத் தமிழில் நாம் கண்டிலம்.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இவ்விரு மரபையும் ஒருங்கே கொள்கின்றது. முதல் திருமொழியில், தைத் திங்களில் தரையைத் தூய்மை செய்து மண்டலம் இடுகின்றாள்; காமனை வேண்டிச் சுவரில் அவன் பெயரை எழுதி, சுறாக்கொடி, குதிரை, கவரி ஏந்திய மகளிர், கரும்புவில் ஆகியவற்றையும் வரைகின்றாள். நான்காம் திருமொழி முழுவதும் கூடலிழைத்தலே. ஒவ்வொரு பாசுரத்திலும் அவள் வட்டத்தையே விளித்துப் பேசுகின்றாள். ஒருமுறை இழைத்து விடை கண்டு அமைந்தாளில்லை. கண்ணனின் ஒவ்வொரு செயலை நினைக்குந்தோறும் புதிதாக வேண்டுகின்றாள். ஆசையும் ஐயமும் மாறிமாறி வருதலை அப்பாசுரங்களின் தொடர்ச்சியே காட்டுகின்றது. சங்கத் தலைவி புலவரின் படைப்பு. அவளைப் பாடியவருட் பலர் ஆடவர். ஆண்டாளோ தன் பெயரைப் பாசுர முடிவிற் பொறித்துத் தானே பேசுகின்றாள். எழுதும் கையும் பாடும் வாயும் ஒருத்திக்கே உரியனவாகும் நிலை ஆண்டு உண்டாகின்றது.

6. உணர்வை அமைதிப்படுத்தும் ஓவியம்

இனி, நாம் தொடக்கத்திற் கூறிய ஆர்மாமலைக்கு மீள்வோம். அக்குகையில் எஞ்சியிருப்பவை திசைக்காவலர் உருவங்களும் தாமரைப் பொய்கையும் ஆகும். சித்தன்னவாசலிலும் தாமரைப் பொய்கையே முதன்மை பெறுகின்றது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் (கி.பி. 815–862) மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்தமையை அங்குள்ள கல்வெட்டு கூறும். அப்பொய்கை சமவசரணத்தில் அருகன் அறவுரை கேட்கச் செல்வோர் கடக்கும் நீர்நிலையைக் குறிப்பது என்பர். மீனும் யானையும் பறவையும் மலர்கொய்யும் மாந்தரும் அதில் உள்ளனர். எவர் முகத்திலும் கலக்கம் இல்லை.

இவை உணர்வைக் கிளறுதற்கு எழுதப்பெற்றவை அல்ல, அடங்குதற்கு எழுதப்பெற்றவை. குகையில் உறைந்த துறவிக்கு ஓவியம் தன் ஆசையைக் காட்டும் கண்ணாடியாகாமல், ஆசை கடந்த நிலையின் வரைபடமாகின்றது. சமணப் புலவராகிய திருத்தக்கதேவர் காதலோவியம் எழுதிய சீவகனையே, இறுதியில் பலாப்பழத்தைப் பறிகொடுத்த மந்தியைக் கண்டு துறவு பூணச் செய்தார். அப்பெருங்காப்பியத்தில் குணமாலையின் ஓவியம் தவறு எனக் கடியப்படவில்லை. கடந்து செல்ல வேண்டிய ஒரு படியாக நிறுத்தப்பட்டது. எனவே தமிழ்நாட்டு ஓவிய மரபில் இரு போக்குகள் உள. ஒன்று உள்ளத்தை அறிதற்கு. மற்றொன்று உள்ளத்தை அமைத்தற்கு. முன்னதற்கு மணலும் சுவரும் இடமாயின. பின்னதற்கு மலைக்குகையும் கோயிலும் இடமாயின. முன்னது அழிந்து பாட்டில் மட்டும் நிற்கின்றது. பின்னது சிதைந்தேனும் கல்லில் நிற்கின்றது. கல்லில் நிற்பதனையே ஆராய்ந்து, பாட்டில் நிற்பதனைக் கலைச்சான்றாக மட்டும் கொண்டமையால், முதற்போக்கினை நாம் ஏறக்குறைய மறந்தோம்.

7. பிறநாட்டார் கருத்து

மேலைநாட்டு உளநூலார் கூறுவனவற்றுள் நமக்கு வேண்டுவன சில. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் கார்ல் யுங், ஃபிராய்டினின்று பிரிந்தபின் பெரும் மனக்கலக்கம் உற்றார். தம் உள்ளத்தில் எழுந்த காட்சிகளை எழுத்தாலும் ஓவியத்தாலும் ஒரு பெரிய சுவடியிற் பதிந்தார். சிவப்பு நூல் எனப்படும் அச்சுவடி 2009இல்தான் அச்சேறியது. 1918, 1919ஆம் ஆண்டுகளில் அவர் நாள்தோறும் காலையில் ஒரு சிறு வட்டவோவியத்தைக் குறிப்பேட்டில் வரைந்தார். அன்றன்று தம் மனநிலை மாறியதற்கேற்ப வட்டம் ஒழுங்குற்றும் ஒழுங்கு குலைந்தும் அமைந்தமையைத் தாமே கண்டார். அவ்வட்டங்களுக்கு அவர் வடமொழிப் பெயராகிய மண்டலம் என்பதனையே இட்டார். நாள்தோறும் வட்டம் இழைத்து, அது கூடியதா என நோக்கிய அவரது செயல் கூடலிழைத்தலோடு ஒத்திருத்தல் வெளிப்படை. வேறுபாடும் உண்டு: தலைவி வட்டத்தினிடம் மற்றொருவனின் வருகையை வினவினாள், யுங் தம்மையே வினவினார்.

ஆங்கில உளப்பகுப்பாளர் மரியன் மில்னர் 1950இல் வெளியிட்ட நூல், தம்மால் ஓவியம் வரைய இயலாமையையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டது. கை போன போக்கில் வரைந்தபோது, தாம் கருதிய உணர்ச்சிக்கு மாறானதொன்று தாளில் தோன்றியமையை அவர் கண்டு எழுதினார். வரைய இயலாமைக்குக் கைத்திறன் குறைவு மட்டும் காரணமன்று, அச்சமும் காரணமாகலாம் என்பது அவர் கண்ட முடிபு. முத்தொள்ளாயிரத் தலைவி கையை எடுத்துக்கொண்டமைக்கு இதனினும் ஏற்ற உரை வேண்டுவதில்லை.

ஓவியவழி மருத்துவம் என்னும் பெயரை 1942இல் வழங்கியவர் ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர். காசநோயால் மருத்துவமனையிற் கிடந்தபோது வரைதலால் தாம் பெற்ற ஆறுதலை அவர் பிற நோயாளர்க்கும் வழங்க முயன்றார். இன்று அத்துறை பல நாடுகளில் முறையான பயிற்சியாக வளர்ந்துள்ளது.

8. இக்காலச் சான்று

தன்னையே பொருளாகக் கொண்டு எழுதிய ஓவியர் இக்காலத் தமிழ்நாட்டிலும் உளர். சென்னை அரசு கலை தொழிற்பள்ளியின் தலைவராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர், மாணாக்கரும் ஓவியருமாகிய பலரோடு 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் சிற்றூரை நிறுவினார். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் எழுத்தும் கணக்கும் சாதகக் கட்டமும் போன்ற வடிவங்கள் ஓவியமாகவே நின்றன. எழுதுதல் என்னும் சொல்லின் இருபொருளும் அங்கே மீண்டும் ஒன்றாயின எனலாம்.

அச்சிற்றூரில் வாழ்ந்தவர்களுள் கே. இராமானுஜம் என்பவர் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவர். பேச்சுத் தடையாலும் மனநோயாலும் துன்புற்றவர் அவர். மையால் இழைத்த நுண்கோடுகளில் கனவு மாளிகைகளையும், புராண விலங்குகளையும், பறக்கும் உருவங்களையும் அடர்ந்து வரைந்தார். அக்கனவுலகின் நடுவே தொப்பி அணிந்த மனிதர் ஒருவர் அடிக்கடி தோன்றுவார். அவர் ஓவியரே ஆவார். வெளியுலகில் தமக்குக் கிட்டாத இருப்பிடத்தைத் தாளின்மேல் அமைத்து, அதனுள் தம்மையும் வைத்து நோக்கினார். பாண்டிமாதேவி பிறர் எழுதிய விதானத்தில் தான் இழந்ததனைக் கண்டாள். இராமானுஜம் அவ்விதானத்தைத் தாமே எழுதினார்.

அவர் 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். இதனை நாம் மறைத்துச் செல்லுதல் கூடாது. ஓவியம் எழுதின் உள்ளத்துன்பம் நீங்கும் என எளிதாகக் கூறுவோர்க்கு அவர் வாழ்வு ஓர் எச்சரிக்கை. அறிதல் வேறு, நீங்குதல் வேறு. நோயை அறிந்துகொள்ள எழுத்து துணைசெய்யும். நோயினின்று மீளுதற்கு மருத்துவரும் சுற்றமும் நட்பும் வேண்டும். முத்தொள்ளாயிரத் தலைவியும் தன் அச்சத்தை அறிந்தாளேயன்றி அதனினின்று விடுபட்டாள் எனப் புலவர் கூறவில்லை. நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒன்றாக்கி மயங்கினாரல்லர்.

9. தடையும் விடையும்

கோடும் வட்டமும் ஓவியமாகுமோ என வினவலாம். திறன்பற்றிய கலையாராய்ச்சியில் அவை ஓவியமாகா என்பது உண்மை. ஆனால் நாம் ஆராய்வது எழுதியவர் உள்ளத்தில் நிகழ்வதனை. அதற்குக் கைத்திறன் துணையாதலும் உண்டு, தடையாதலும் உண்டு. விதானம் எழுதிய கம்மியன் தேவியின் துயரை அறியான். மணலிற் கோடிழைத்தவளுக்கு வண்ணங்கலக்கத் தெரியாது. உள்ளத்தை அறிந்தவள் பின்னவளே.

இக்காலக் கொள்கையைப் பழம்பாட்டின்மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்துமோ என்பது மற்றொரு தடை. யுங் கூறியதனை முத்தொள்ளாயிரம் கூறிற்று என்பது நம் கருத்தன்று. எழுதும் செயல் எழுதுவார்க்கே உள்ளத்தைக் காட்டும் என்னும் உண்மையைப் புலவர் கண்டு பாடினார். அதனைக் கொள்கையாக்கி நூல் செய்தாரல்லர். கண்டமை முதல், கொள்கை பின்னது. முன்னதற்குரிய சிறப்பைத் தமிழ்ப் புலவர்க்குத் தருதல் மிகையாகாது.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூவகை எழுத்தினை நாம் பிரித்தறியலாம். மடற்கிழி, பிறர்க்குக் காட்டும் எழுத்து. குகைப் பொய்கை, உள்ளத்தை அமைக்கும் எழுத்து. சுவர்க்கோடும் கூடலும், தன்னைக் காணும் எழுத்து. மூன்றாவது வகையை வளர்த்தவர் தெருவிற் செல்லும் உரிமை மறுக்கப்பெற்ற மகளிர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மறுப்பே அவர்களை உள்நோக்கித் திருப்பிற்று. அதனைப் பெருமையாக மட்டும் பேசி, மறுப்பின் கொடுமையை மறத்தலும் நேர்மையாகாது.

அவ்வெழுத்து இன்றும் முற்றும் அழிந்திலது. நாட்றம்பள்ளியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், தமிழகத்தின் ஏனைய ஊர்களிற் போலவே, வைகறையில் வாசல் தெளித்துக் கோலமிடும் வழக்கம் உண்டு. சாவு நிகழ்ந்த வீட்டில் கோலம் இடுவதில்லை. வெற்று வாசலைக் கண்ட அளவில் தெருவினர் அவ்வீட்டின் துயரை அறிகின்றனர். பின்னர் ஒரு காலை அவ்வீட்டுப் பெண் மீண்டும் மாவெடுத்துப் புள்ளி வைக்கின்றாள். அந்த முதற்புள்ளியை வைக்கும்போது அவள் தன்னுள் யாது காண்கின்றாள் என்பதனை நம் நாட்டுப்புறவியல் ஆய்வுகள் கேட்டறிதல் வேண்டும். கோலத்தின் வடிவங்களைத் தொகுத்தோர் பலர். கோலமிடுவார் உள்ளத்தைத் தொகுத்தோர் மிகச் சிலரே. ஆர்மாமலை ஓவியங்களைக் காணச் செல்லும் ஆய்வு மாணவர், மலையேறும் முன் அவ்வாசல்களில் சிறிது நின்று, கோலமிடுவாரோடு உரையாடிச் செல்வாராயின், நெடுநல்வாடைக்கும் முத்தொள்ளாயிரத்திற்கும் புதிய உரை அங்கே கிடைத்தல் கூடும்.